திடீர் மயக்கம்: விழுவதற்கு முந்தைய இரண்டு நிமிடங்கள்

மயக்கம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் மருத்துவர் குழு பதில் தருகிறது.

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எட்டு மாதத்தில் மூன்று முறை மயக்கம் போட்டு விழுந்துவிட்டேன். தலைக்கு சி.டி., எம்.ஆர்.ஐ., அப்புறம் மூளையின் மின் அலையைப் பதியும் இ.இ.ஜி., இதய ஸ்கேனான எக்கோ, இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதியும் ஹோல்டர் என்று எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே நார்மல். கடைசியில், "உனக்கு மனசுலதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டார்கள். இனி யாரிடம் போவது?
— வாசகி, திருப்பூர்

பதில்: ரிப்போர்ட் நார்மல் என்பதால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. மூளைக்குப் போகும் ரத்தம் ஆறு முதல் எட்டு விநாடி தடைப்பட்டாலே நினைவு தப்பிவிடும். கீழே விழுந்து உடம்பு படுத்த நிலைக்கு வந்ததும் ரத்தம் திரும்பத் தலைக்கு ஏறும். ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்துவிடுவீர்கள். அதற்குப் பத்து நாள் கழித்து, நன்றாக இருக்கும்போது எடுக்கும் ஸ்கேனில் அந்த ஆறு விநாடி எப்படித் தெரியும்? கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சு குழறுவது, தலையில் அடிபடுவது போன்றவை இல்லாவிட்டால், வெறும் மயக்கத்துக்கு மூளை ஸ்கேன் விடை தருவது அபூர்வம்.

ஹோல்டர் கணக்கையும் பாருங்கள். சுமார் 240 நாளில் மூன்று நாள் விழுந்திருக்கிறீர்கள். கருவி மாட்டிய ஒரு நாள் அந்த மூன்றில் ஒன்றாக அமைய 80-இல் ஒரு வாய்ப்புதான். மயக்கம் வராத நாளில் எடுத்த ஹோல்டர் பெரும்பாலும் எதையும் உறுதிசெய்வதில்லை, மறுப்பதும் இல்லை.

விடை பெரும்பாலும் விழுவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்திலும் எழுந்த பிறகான இரண்டு நிமிடத்திலும்தான் இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்து, மூன்று முறைக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா, படுத்திருந்தீர்களா? எவ்வளவு நேரமாக? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், தண்ணீர் குடித்தீர்கள்? மாதவிடாய் நாளா, வயிற்றுப்போக்கு இருந்ததா? விழும் முன் குமட்டல், கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது, காது அடைப்பது ஏதாவது வந்ததா, அல்லது சுவிட்ச் அணைத்ததுபோல ஒன்றுமே தெரியவில்லையா? நெஞ்சு படபடத்ததா? பிறகு, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு எழுதுங்கள்: முகம் வெளுத்ததா நீலம் பாய்ந்ததா, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எவ்வளவு நேரம், எழுந்ததும் ஆளைத் தெரிந்ததா. இதை நீங்கள் மட்டும் சொன்னால் போதாது. முடிந்தால் அவரையே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அல்லது போனில் பேசச் சொல்லுங்கள்.

செக்கிங் டேபிளில் மணிக்கணக்கில் நிற்பவர், கழிவறைக்குப் போக முடியாது என்று தண்ணீரைக் குறைப்பவர், காலையில் வெறும் டீயோடு ஷிப்டுக்கு வருபவர் என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சாதாரண நரம்புவழி மயக்கத்தை. நின்றுகொண்டே இருக்கும்போது ரத்தம் காலில் தேங்குகிறது. ஒரு கட்டத்தில் நாடித் துடிப்பும் பிரஷரும் சேர்ந்து சரிகின்றன. எல்லா மயக்கத்திலும் இதுதான் அதிகம்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு சோதனை, செலவே இல்லாதது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷரும் நாடியும் பார்க்க வேண்டும். எழுந்து நிற்க வைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினால் அது காரணமாக இருக்கலாம். பிரஷர் இறங்காமல், பத்து நிமிடத்துக்குள் நாடி மட்டும் 30-க்கு மேல் கூடி, நிற்கும்போதெல்லாம் மாதக்கணக்கில் படபடப்பும் கிறுகிறுப்பும் இருந்தால் அது வேறு கோளாறு. அதற்கு வேறு வைத்தியம். இதோடு 12 லீட் இ.சி.ஜி., ஹீமோகுளோபின் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

அப்போதும் தெளிவாகவில்லை என்றால் டில்ட் டேபிள் சோதனை. கட்டிலோடு சேர்த்துக் கட்டி, 60 முதல் 70 டிகிரி நிமிர்த்தி, 20 முதல் 45 நிமிடம் வைத்திருப்பார்கள். தேவைப்பட்டால், ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் மருந்தை நாக்கடியில் கொடுப்பார்கள். மயக்கம் வந்தால் இறங்குவது பிரஷரா, நாடியா, இரண்டுமா என்று அப்போதே தெரியும். முன்னறிகுறி இல்லாமல் எப்போதோ ஒருமுறை விழுபவருக்கு லூப் ரெக்கார்டர் பொருத்தம். விரல் நுனியளவு கீறலில், இடது மார்புத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு கருவி அது. மூன்று ஆண்டு வரை இதயத் துடிப்பைக் கண்காணிக்கும்.

"மனசுதான்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மன அழுத்தத்தால் வரும் மயக்கம் உண்மையிலேயே இருக்கிறது. நடிப்பு அல்ல, வைத்தியமும் உண்டு. அதற்கென்று அடையாளங்கள் உண்டு: கண்ணை இறுக மூடியிருப்பார், பல நிமிடம் கிடப்பார், ஒரே நாளில் பலமுறை வரலாம், அந்த நேரத்தில் பிரஷரும் நாடியும் குறையாது. மூளைக்கு ரத்தம் குறைந்து வரும் மயக்கத்தில் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். மற்ற ரிப்போர்ட் நார்மல் என்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரக் கூடாது. இதயத் துடிப்புக் கோளாறு பார்க்கும் இதய மருத்துவரிடம் நோட்டோடு போங்கள். காரணம் தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம், கிணற்றடி, திறந்த அடுப்பு மூன்றிலும் தனியாக நிற்க வேண்டாம்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகள் பள்ளியில் பிரேயரில் மயங்கி விழுந்தாள். கை கால் வெட்டியதாம். இ.இ.ஜி.யில் "லேசான மாற்றம்" என்று சொல்லி வலிப்பு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். மாத்திரைக்குப் பிறகும் ஒருமுறை பிரேயரிலேயே விழுந்தாள். இது வலிப்புதானா?
— வாசகர், விருதுநகர்

பதில்: மயக்கத்திலும் கை கால் வெட்டும். வெட்டியதாலேயே வலிப்பு என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. எத்தனை முறை வெட்டியது என்பதைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். பத்துக்கும் குறைவாக, ஒழுங்கில்லாமல், சில விநாடியில் நின்றிருந்தால் அது பெரும்பாலும் மயக்கம். இருபதுக்கு மேல், ஒரே தாளத்தில், ஒன்றிரண்டு நிமிடம் நீடித்தால் வலிப்பை நினைக்க வேண்டும். நாக்கின் பக்கவாட்டில் கடிபடுவது, முகம் நீலமாவது, எழுந்த பிறகு கால் மணி நேரம் போல் ஆள் தெரியாமல் குழம்புவது, உடம்பெல்லாம் வலிப்பது ஆகியவை வலிப்பின் பக்கம். வெளுத்துப்போய், வியர்த்து, எழுந்த உடனே "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் மயக்கத்தின் பக்கம். சிறுநீர் கழித்துவிடுவது இரண்டிலும் நடக்கும். அதை வைத்துப் பிரிக்க முடியாது. வலிப்பே இல்லாத பிள்ளைகளின் இ.இ.ஜி.யிலும் லேசான மாற்றம் இருப்பதுண்டு.

இரண்டு முறையும் பிரேயரில், நிற்கும்போது விழுந்திருக்கிறாள். இது நரம்புவழி மயக்கத்தின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பள்ளியில் பார்த்த ஆசிரியையின் விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று கட்டாயம்: 12 லீட் இ.சி.ஜி. எடுத்து, அதில் க்யூ.டி. இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்தூண்டல் பெற்றுப் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்) மருத்துவர் கையால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த இடைவெளி பிறவியிலேயே நீண்டிருந்து, துடிப்பு தடுமாறி மயங்கி விழும் பிள்ளைகளுக்கும், வலிப்பு என்று நினைத்து மாத்திரை எழுதப்படுவது உண்டு. அலாரம் அடித்துத் திடுக்கிட்டு எழும்போது, நீந்தும்போது, ஓடும்போது விழுந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது.

இ.சி.ஜி. சரியாக இருந்து, இது பிரேயர் மயக்கம்தான் என்றால், காலையில் நாலு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். நாள் முழுக்க இரண்டு முதல் இரண்டரை லிட்டர் தண்ணீர். பிரேயருக்குக் கால் மணி நேரம் முன்பு அரை லிட்டரைக் கடகடவென்று குடிக்க வேண்டும். மடக்கு மடக்காகக் குடித்தால் அந்தப் பலன் கிடைக்காது. பிரஷரும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் மோரில் உப்பு தாராளமாகப் போடலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் இரும்புச் சத்து மாத்திரை தேவை. அது மருத்துவர் சொல்லும் அளவில்.

கண் இருட்டத் தொடங்கியதும் செய்ய வேண்டியதை வீட்டில் பழக்குங்கள். ஒரு காலை மற்றதன் குறுக்கே பின்னி, தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் இறுக்க வேண்டும். அல்லது இரண்டு கையையும் விரல் கோத்து எதிரெதிராக இழுக்க வேண்டும். அறிகுறி அடங்கும்வரை இறுக்கத்தை விடக் கூடாது. இறுக்கும்போது மூச்சை அடக்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அடக்கினால் பிரஷர் இன்னும் குறையும். அடங்கவில்லை என்றால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். பிள்ளை உட்கார்ந்தால் திட்டக் கூடாது என்று ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். வெட்கப்பட்டு நின்றுகொண்டே இருந்துதான் பல பிள்ளைகள் பல்லை உடைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தால் விழுந்துவிடுகிறார். பிரஷருக்கு இரண்டு மாத்திரை, பிராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். பகலில் பிரஷர் 140 காட்டுகிறது. பிரஷர் கூடி விழுகிறாரா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கூடி அல்ல, பெரும்பாலும் எழுந்ததும் இறங்கி விழுகிறார். உட்கார வைத்துப் பார்த்த 140 இதைச் சொல்லாது. பிராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், பிராசோசின் போன்றவை ரத்தக் குழாயையும் தளர்த்தும். அதோடு நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் இப்படி ஆகலாம். மேலே சொன்ன படுத்து, நின்று பார்க்கும் சோதனையை விடியற்காலையில், எழுந்த உடனே, வீட்டுக் கருவியிலேயே செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மூன்று நாள் அளவை எழுதி, எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். பிரஷர் மாத்திரை ஒரு டாக்டர், பிராஸ்டேட் மாத்திரை இன்னொரு டாக்டர் எழுதியிருந்தால் இருவருக்கும் முழுப் பட்டியல் தெரியாமல் இருக்கலாம். மாத்திரையை மாற்றுவதும் குறைப்பதும் அவர்கள் பொறுப்பு.

அதுவரை, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டிவிட்டு நிற்கட்டும். சிறுநீரை உட்கார்ந்தே கழிக்கட்டும். கழிவறைக் கதவைத் தாழிட வேண்டாம். தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். முன்னறிகுறி இல்லாமலோ, உட்கார்ந்திருக்கும்போதோ விழுகிறார் என்றால் மாத்திரைக் கணக்கோடு நிற்காமல், இதயத் துடிப்பு தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் தம்பி ஃபுட்பால் விளையாடும்போது ஓடிக்கொண்டே விழுந்தான். அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான். வெயில் என்று விட்டுவிட்டோம். எங்கள் சித்தப்பா 31 வயதில் தூக்கத்தில் இறந்தவர். பயப்பட வேண்டுமா?
— வாசகர், வேலூர்

பதில்: இந்த வாரமே பார்க்க வேண்டும், நாளைக்கே முடிந்தால் நாளைக்கே. ஓடி முடித்து நின்ற பிறகு மயங்குவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது அப்படியல்ல. இளவயதில் காரணம் தெரியாமல் இறந்த ரத்த சொந்தம் இருப்பது இரண்டாவது எச்சரிக்கை. இதயத் தசை தடித்திருப்பது, வால்வு சுருங்கியிருப்பது, பிறவித் துடிப்புக் கோளாறு மூன்றையும் பார்க்க இ.சி.ஜி., எக்கோ, பிறகு மருத்துவர் மேற்பார்வையில் டிரெட்மில் சோதனை தேவைப்படும். காரணம் தெரியும்வரை மைதானம், ஜிம், நீச்சல் எதுவும் வேண்டாம். சித்தப்பாவைப் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தம்பிக்கு ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால், நீங்கள் உட்பட உடன்பிறந்தவர்களும் பெற்றோரும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கேள்வி: மயங்கியவர் கையில் சாவி கொடுப்பது, வாயில் சோடா ஊற்றுவது, மூக்கில் வெங்காயம் காட்டுவது, இதில் எது சரி?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: எதுவும் இல்லை. நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் எதுவும் மூச்சுக்குழாயில் இறங்கலாம். நாலு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது இன்னும் கெடுதல். தலைக்கு ரத்தம் ஏறும் வழியை அது அடைக்கிறது. மூச்சு இருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை ஒரு முக்காலி உயரத்துக்குத் தூக்குங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும், டாக்டருக்குக் காட்ட மட்டும். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். விழித்த பிறகும் பத்து நிமிடம் படுத்திருக்கட்டும். உடனே எழுந்தால் மறுபடி விழுவார். இரண்டு நிமிடத்தில் நினைவு திரும்பாவிட்டாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தாலோ, கர்ப்பிணி என்றாலோ 108-ஐ அழையுங்கள். மூச்சே இல்லை, அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் அது மயக்கம் அல்ல. 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள்.