ஆப் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: அண்ணா, அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படித்துவிட்டு, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். நெல் வெட்டும் மெசினைக் கமக்காரர்கள் போனிலேயே பதிவு செய்யலாம், மெசின்காரருக்கும் எந்த வயல் எந்த நாள் என்று தெரியவரும். காலபோக வெட்டுக்கு முதல் முடித்துவிட ஓடுகிறோம். அரைகுறையாகக் காட்டினால் சனம் நம்பாது, முழுதாக முடித்த பிறகே காட்டுவோம் என்கிறார் நண்பர். எனக்கோ இப்போதே நாலு பேரிடம் கேட்க வேண்டும் போல இருக்கிறது. எது சரி?
– வாசகி, பரந்தன்

பதில்: இப்போதே கேளுங்கள் தங்கச்சி. நண்பர் பயப்படுவது ஆப்பைக் காட்டுவதற்கு, ஆனால் கேட்பதற்குக் கையில் ஒன்றுமே தேவையில்லை. ஆப் என்ற பேச்சையே எடுக்காமல் முரசுமோட்டையிலோ கண்டாவளையிலோ ஒரு கமக்காரரோடு வரம்பில் இருந்து, "போன காலபோகம் மெசின் ஆரிட்டை எடுத்தனீங்கள், எத்தனை நாள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், ஏக்கருக்கு எவ்வளவு குடுத்தனீங்கள், மழை வந்த நேரம் என்ன செய்தனீங்கள்" என்று நடந்து முடிந்ததை மட்டும் கேளுங்கள்.

"இப்பிடி ஒரு ஆப் வந்தால் பாவிப்பீங்களோ" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீடு தேடி வந்த படித்த பிள்ளையின் மனதை முறிக்க இங்கே யாருக்கும் மனம் வராது, தேத்தண்ணியும் தந்து "நல்ல விசயம் பிள்ளை, செய்யுங்கோ" என்றுதான் அனுப்புவார்கள். 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய காலத்திலிருந்து எத்தனை நிறுவனங்கள் படிவத்தோடு வந்து போயிருக்கின்றன! எந்தப் பதில் சொன்னால் வந்தவர் சந்தோசமாகப் போவார் என்று எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த 'ஓம்' ஒன்றை நம்பி மாதக்கணக்காக உழைக்காதீர்கள்.

நடந்ததைக் கேட்டால் நீங்கள் நினைக்காத ஒன்று வெளியே வரலாம். வெட்டு நேரம் எல்லா வயலும் ஒரேயடியாக விளைகிறது, மெசின்கள் வெளி மாவட்டங்களிலிருந்தும் வருகின்றன, நடுவில் கிடக்கும் ஒன்றரை ஏக்கருக்காக மட்டும் மெசினை இறக்கச் சாரதிக்கு விருப்பம் இருக்காது. அப்படியென்றால் கமக்காரருக்குத் தேவை பதிவு செய்யும் பொத்தானா, அல்லது ஒரே வாய்க்காலில் உள்ள பத்துப் பேரை ஒரே நாளுக்குச் சேர்த்துவிடும் ஒரு ஆளா? இது தெரியாமல் எழுதும் கோட் எல்லாம் வெறும் ஊகம். மெசின்காரரையும், இப்போது இந்த வேலையைச் செய்யும் தரகரையும் மறக்காமல் பிடித்துக் கதையுங்கள், அவருக்குத் தெரிந்தது உங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

அடுத்தது காசு. 1999இல் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் இணையத்தில் சப்பாத்து விற்க முடியுமா என்று பார்க்க நினைத்தபோது களஞ்சியம் கட்டவில்லை. கடைகளில் இருந்த சப்பாத்துகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார், யாராவது ஓடர் செய்தால் அந்தக் கடைக்கே போய் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். அதில் நட்டம்தான், ஆனால் முகம் தெரியாத ஆள் உண்மையாகவே காசு கட்டுவார் என்பது தெரிந்துவிட்டது. அதுதான் பின்னாளில் ஸப்போஸ் என்ற இணையச் சப்பாத்துக் கடை ஆனது, 2009இல் அமேசான் வாங்கியது. நீங்களும் இந்தப் போகம் ஒரு கொப்பி, ஒரு போன் நம்பர், ஒரு வாட்ஸ்அப் குழு என்று கையாலேயே செய்து பாருங்கள். சிறிய முற்பணம் தந்து நாளைப் பிடித்து வைக்கிறார்களா? அடுத்த வயல்காரருக்கு உங்கள் நம்பரைக் கொடுக்கிறார்களா? இந்த இரண்டும் நடக்காவிட்டால் ஆப் வந்தும் நடக்காது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் போகம்தான். நகரத்தில் சாப்பாட்டு ஆப் செய்பவர் இன்றைக்குப் பிழைத்ததைத் திருத்தி நாளைக்கே திரும்பப் பார்க்கலாம். உங்களுக்குத் தை, மாசியில் ஒரு வெட்டு, அதை விட்டால் ஆவணி, புரட்டாதி அளவில் சிறுபோகம். அதுவும் இரணைமடு போன்ற குளங்களின் கீழ் மட்டும், எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். முடித்துவிட்டுக் காட்டுவோம் என்று இருந்து தை மாதம் முதல் தடவையாகக் கொண்டுபோய் அது சறுக்கினால், திருத்தி இன்னொரு தடவை பார்க்க மாதங்கள் ஆகும். அதைவிட, உங்கள் ஆப்பை நம்பி வேறு மெசின் பிடிக்காமல் இருந்தவரின் நெல் மழையில் விழுந்துவிடும். நண்பர் சொல்லும் நம்பிக்கை போவது அங்கேதான்.

ஆப்பின் திரைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். பேப்பரில் வரைந்ததையே ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். பயன்பாட்டுச் சோதனையில் ஐந்து பேரே சுமார் 85 சதவீதக் குறைகளைக் காட்டிவிடுவார்கள் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்த ஐந்து என்ற கணக்கு பாவிக்கச் சுகமா என்பதற்கு மட்டும்தான், தேவை இருக்கிறதா என்பதற்கு அது போதாது. லோகோ, நிறம், சேர்வர் எல்லாம் நீங்களே முடிவெடுங்கள். ஒரே பதில் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் கேட்டது காணும், போய் வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: இப்படி ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தால் யோசனையை வேறு யாராவது எடுத்துவிட மாட்டார்களா?
– வாசகர், மல்லாவி

பதில்: எடுக்கலாம் தம்பி. ஆனால் நான் மேலே சொன்ன மாதிரிக் கேட்டால் நீங்கள் யோசனையைச் சொல்லவே போவதில்லை, அவர்கள் கதையைத்தானே கேட்கிறீர்கள்.