கல்லூரி கவுன்சில் கூட்டத்தில் ஊழியர்கள் பேசி ஏதாவது நடந்திருக்கிறதா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கென்றே ஸ்டாஃப் கவுன்சில் இருக்கிறதாம். பட்ஜெட், புதுக் கட்டடம், சம்பளம், விடுப்பு எல்லாம் அதில் பேசுகிறார்களாம். நம் ஊர்க் கல்லூரிகளில் அப்படி ஏதாவது உண்டா? பேசி என்ன நடந்திருக்கிறது?

பதில்: நடந்திருக்கிறது. என் சர்வீஸில் இரண்டு முறை.

நான் வடசென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் 1996-இல் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, சூப்பரின்டென்டன்டாக 2022-இல் ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர் என்று அந்தப் பக்கம் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் கூட்டத்துக்குப் பதினாறு வருடம் மினிட்ஸ் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

நம் ஊர் பல்கலைக்கழகங்களில் சிண்டிகேட், செனட், நிதிக்குழு எல்லாம் உண்டு. தனியார் கல்லூரிகளுக்கு 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் சட்டப்படி கல்லூரிக் குழு என்று ஒன்று உண்டு. இதற்கெல்லாம் கீழே, முதல்வர் கூட்டுகிற கவுன்சில். எங்கள் கல்லூரியில் துறைத் தலைவர்கள், நூலகர், உடற்கல்வி இயக்குநர், அப்புறம் ஒப்புக்கு இரண்டு நாற்காலி எங்களுக்கு: அலுவலகத்திலிருந்து ஒருவர், லேப் மற்றும் பராமரிப்புப் பக்கத்திலிருந்து ஒருவர். முடிவெடுக்கும் அதிகாரம் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்குத்தான். அதனால் எங்கள் மினிட்ஸில் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்ற சொல்லே வரக்கூடாது. ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்றுதான் எழுத வேண்டும். முதல் கூட்டத்திலேயே தெரியாமல் எழுதிவிட்டு, நிர்வாகத்தின் சார்பில் கல்லூரியைக் கவனிக்கும் கரஸ்பாண்டன்ட் ஐயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பட்ஜெட் எப்போதும் பொருள் எண் 2. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆடிட்டர் உட்கார்ந்து முடித்த கணக்கு ஒரே பக்க ஜெராக்ஸாக வரும். கூட்டம் முடிந்ததும் அதையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். கோடிக் கணக்கில் இருக்கும் வரிகளைப் பார்த்து யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் ஒருமுறை, பதினெட்டாயிரம் ரூபாய் கெமிக்கலுக்கா, கபடி டீம் ஜெர்சிக்கா என்று வேதியியல் தலைவரும் உடற்கல்வி இயக்குநரும் நாற்பது நிமிடம் மல்லுக்கு நின்றார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், பாவம், அந்த மொத்தத் தாளில் அவர்கள் பேசலாம் என்று விட்டுவைத்திருந்த வரி அது ஒன்றுதான்.

அந்தத் தாளில் நான் கவனித்த ஒரு விஷயம், கட்டணம் வருகிற மாதம். ஒன்று ஜூனில் வரும், அடுத்தது செமஸ்டர் மாறும்போது வரும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் கஜானாவில் காற்றுதான். அந்த ஓட்டையை அடைக்க அறக்கட்டளை கண்டுபிடித்த வழி, லேப் உதவியாளர்களையும் அலுவலக உதவியாளர்களையும் மே மாதம் சம்பளமில்லாமல் ‘நிறுத்தி வைப்பது’. ஜூன் 1-ஆம் தேதி புதிதாகச் சேர்ந்த மாதிரி ஒரு தாள் கொடுப்பார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

கட்டட விஷயத்துக்கு வருவோம். 2011-இல் மூன்று மாடிக்குப் புது பிளாக் ஒன்று ஆரம்பித்தார்கள். கவுன்சிலில் வரைபடத்தைக் காட்டினார்கள். கூட்டத்தில் பாதி நேரம் யார் துறைக்கு எந்தத் தளம் என்பதிலேயே போனது. லிஃப்ட் வருமா, ஸ்டாஃப் ரூமுக்கு ஏசி உண்டா என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்து இரண்டாவது நாற்காலியில் அந்த வருடம் இருந்தவர் கெமிஸ்ட்ரி லேப் அக்கா. பேராசிரியர்கள் முதல் பசங்கள் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். ‘இதர பொருள்கள், தலைவர் அனுமதியுடன்’ என்று கடைசியில் ஒன்று வருமே, அதற்காகக் காத்திருந்து எழுந்தார்.

“ஐயா, கட்டடத்துக்குத் தண்ணி எங்கேந்து?”

“போர் இருக்கேம்மா.”

“அந்தத் தண்ணியில துணி அலசுனாலே விறைச்சிக்குது ஐயா. கம்பி எப்படித் தாங்கும்?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா உட்காரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஸ்டாண்டோடு இரண்டு டெஸ்ட் டியூப் எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் குடிக்கிற கேன் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உப்பு இருந்தால் வெளுத்துக் காட்டுகிற சில்வர் நைட்ரேட்டை டிராப்பரில் இரண்டிரண்டு சொட்டு விட்டார். கேன் தண்ணீர் லேசாகப் புகைந்த மாதிரி ஆனது. போர் தண்ணீர் டியூப் பால் ஊற்றியது போல வெளுத்து, அடியில் தயிர்த் திப்பி மாதிரி இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

வேதியியல் தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே மாணவர்களை வைத்து முறையாக டைட்ரேஷன் செய்யச் சொன்னார். பொட்டாசியம் குரோமேட் போட்ட மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற, பி.எஸ்சி. பசங்கள் வழக்கமாகச் செய்கிற அதே சோதனைதான். குளோரைடு, அதாவது அந்த உப்பு, லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் வந்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 500-க்கு மேல் கூடாது என்கிறது. கம்பி இல்லாத வெறும் கான்கிரீட் என்றால் 2,000 வரை பரவாயில்லை. கான்கிரீட்டுக்குள் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று இருக்கும். உப்பு அதைத் தின்றுவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், அதனால் உள்ளேயிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

எங்கள் பகுதியில் இது புதுச் செய்தி இல்லை. மீஞ்சூர் பக்கம் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் உள்ளே ஏறி வெகுகாலம் ஆகிறது. கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை 2010-இல் காட்டுப்பள்ளியில் திறந்ததும் இதே வட்டாரத்தில்தான். ஊர்ச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் வரைபடம் போட்ட இன்ஜினியர் ஆபீஸ் வேறெங்கோ இருந்தது.

கரஸ்பாண்டன்ட் ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. லாரித் தண்ணீர் என்றால் செலவு. “இதெல்லாம் மினிட்ஸ்ல வேணாம்பா, வாயால சொன்னதுதானே” என்றார். நான் சரிங்க ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்து எழுதினேன்: ‘இதர பொருள்: ஆழ்குழாய் நீரைக் கான்கிரீட் கலக்கவும் நீராற்றவும் பயன்படுத்துவது குறித்து லேப் உதவியாளர் ஐயம் தெரிவித்தார். சோதனை முடிவு இணைப்பில். பொறியாளரின் கருத்து பெறப் பரிந்துரைக்கப்பட்டது.’ முதல்வர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த மனிதரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

சினிமா என்றால் இங்கே கைதட்டல். நிஜத்தில் நடந்தது வேறு. அஸ்திவாரத்துக்கும் தரைத்தளத் தூண்களுக்கும் லாரித் தண்ணீர் வந்தது. இரண்டாம் மாடி போகும்போது மேஸ்திரி சத்தமில்லாமல் போர் மோட்டாரைப் போட்டுவிட்டார். 2013 கோடையில் கட்டடம் முடிந்தது. 2014 மழைக்குப் பிறகு இரண்டாம் மாடி சன்ஷேடு ஒன்று கீறி, காரை பெயர்ந்து, கம்பி பழுப்பாக எட்டிப் பார்த்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

காண்ட்ராக்டரின் பில்லில் ஐந்து சதவீதத்தை இரண்டு வருடத்துக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் அதைக் கேட்டு வந்த நேரமும் இந்தக் கீறலும் ஒன்றாக அமைந்தன. தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே என்றார். முதல்வர் என்னை அழைத்து அந்த மினிட்ஸைக் கேட்டார். இணைப்போடு கொண்டுபோய் வைத்தேன். அன்று அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியவர் யார் தெரியுமா? அதை எழுதவே வேண்டாம் என்ற கரஸ்பாண்டன்ட் ஐயா. காண்ட்ராக்டர் அந்தப் பக்கத்து சன்ஷேடுகள் எல்லாவற்றையும் தன் செலவில் உடைத்துப் போட்டுக் கொடுத்தார். உள்ளே இருக்கும் தளத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பிளாக்கில் இரண்டாம் மாடி வராந்தாவில் இன்றும் நான் சுவரோரமாக நடக்க மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ரெக்கார்டு ரூமில் முட்டி அளவு தண்ணீர். பழைய டி.சி. கவுன்டர்ஃபாயில், சம்பளப் பதிவேடு எல்லாம் கூழாகிவிட்டன. மினிட்ஸ் நோட்டுகள் மட்டும் தப்பித்தன, காரணம் அவற்றை நான் பீரோவுக்குள் வைக்காமல் பீரோவுக்கு மேலே வைத்திருந்தேன். முன்யோசனை என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். உண்மையில் பீரோ சாவி தொலைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

இப்போது அந்த மே மாதத்துக்கு வருகிறேன். லேப் அக்கா 1998-இல் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கேட்டார். ஒவ்வொரு மே மாதமும் சர்வீஸ் முறிந்திருக்கிறது, ஐந்து வருடம் தொடர்ச்சி எங்கே என்று அலுவலகம் கேட்டது. நானே அந்த அலுவலகம்தான். அந்தக் கடிதத்தை டைப் அடித்து அனுப்பியதும் என் பிரிவுதான். அடித்துக் கொடுத்துவிட்டு நோட்டுகளை எடுத்தேன்.

கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்க வேண்டும். இதுதான் அப்போது இருந்த 1972 கிராஜுவிட்டி சட்டக் கணக்கு. அக்காவின் சம்பளம் 13,000. 26-ஆல் வகுத்தால் 500, பதினைந்து நாளுக்கு 7,500, இருபது வருடத்துக்கு ஒன்றரை லட்சம். தொடர்ச்சி பற்றியும் அதே சட்டத்தில் தெளிவாக இருந்தது: வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த வருடம் தொடர்ச்சிதான். பதினொரு மாதம் வேலை பார்ப்பவருக்கு 240 நாள் எப்போதோ தாண்டிவிடும். அதோடு, மே மாதம் சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை இருந்தது. ஒவ்வொரு ஏப்ரல் கூட்டத்திலும் ‘சேர்க்கை விண்ணப்ப விற்பனைக்குக் கீழ்க்கண்ட ஊழியர்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பதினாலு வருடப் பட்டியலில் அக்கா பெயர் இருந்தது. நான் எழுதிய கையெழுத்திலேயே இருந்தது.

உதவித் தொழிலாளர் ஆணையரிடம் போகப் போகிறேன் என்று அக்கா சொன்ன மறு வாரம், இரண்டு தவணையில் பணம் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம், வட்டியில்லாமல். அக்கா காசிமேட்டிலிருந்து ஒரு முழு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வந்தது வெள்ளிக்கிழமை. என் மனைவி சமையல்கட்டுப் பக்கமே விடாமல், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துச் சனிக்கிழமை வாங்கிக்கொண்டாள்.

ஆக, கேள்வி கேட்டவருக்கு: அந்த வெளிநாட்டு ஸ்டாஃப் கவுன்சில் போலத் தனி மன்றம் எங்கள் கல்லூரியில் கிடையாது. கவுன்சிலில் இரண்டு நாற்காலியும், அஜெண்டாவில் கடைசி வரியும் இருந்தன. உங்களை அதில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னால் மறுக்காமல் உட்காருங்கள். பேசியதை அங்கேயே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாட்ஸ்அப்பில் வரும்வரை காத்திருக்காமல் அன்றே வாங்கிப் படியுங்கள். கையெழுத்துப் போடும்போது உங்கள் பெயருக்கு மேல் காலி இடம் இருந்தால், பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போடுங்கள்.