புள்ளியில போய் நிண்ட எரர்

கடிதம்:

வணக்கம் அண்ணா, நிலாவெளியில இருந்து எழுதுறன். அப்பாட மீன் வாடிக் கணக்குக்கு பைத்தன் எண்ட கம்ப்யூட்டர் மொழியில சின்னதா ஒரு புரோகிராம் செய்யிறன். தமிழ்ல மீன் பேர் உள்ள ஃபைலைத் திறந்தா எழுத்தை வாசிக்க ஏலாது எண்டு யூனிகோட் டிகோட் எரர் வருது, சில ஃபைல் மட்டும் எரர் இல்லாம திறக்குது. கூகிள்ல தேடி, கூட வோட் உள்ள பதிலைக் கொப்பி பண்ணினன். எரர் போயிட்டுது, ஆனா பேரெல்லாம் கிறுக்கலா வருது. என்ட இங்கிலிஸ் காணாதோ? நீங்க எப்பிடித் தேடி வாசிக்கிறீங்க?

பதில்:

தங்கச்சி, இங்கிலிஸ் இல்ல பிரச்சினை, நீங்க பதிலை மட்டும் வாசிச்சிட்டீங்க, அதுக்கு மேல இருந்த கேள்வியை வாசிக்கல்ல. நான் எப்பவும் கேள்வியைத்தான் முதல் வாசிப்பன், அந்த ஆளும் விண்டோஸா, எந்த பைத்தன், அவர்ட ஃபைல்ல என்ன மொழி எண்டு பார்த்திட்டுத்தான் கீழ இறங்குவன். நீங்க எடுத்தது 'இக்னோர்' (வாசிக்க ஏலாததை விட்டிட்டுப் போ எண்டது) போடச் சொல்ற பதிலா இருக்கோணும். அதைக் கேட்ட ஆளுக்கு நாலு எழுத்து போனாலும் பரவாயில்ல, எரர் நிண்டாக் காணும், உங்களுக்கு அப்பிடி இல்லையே.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எண்ட கேள்வி-பதில் சைட்ல பச்சை டிக் போடுறது கேள்வி கேட்ட ஆள், அவருக்குச் சரி வந்துது எண்டதுதான் அதுக்கு அர்த்தம். வோட்டும் வருசக்கணக்கா சேருறது. அந்த சைட் 2008ல தொடங்கினது, பழைய பதிப்பான பைத்தன் 2க்கு சப்போர்ட் நிண்டதோ 2020ல, அதால பழைய பதில் கனக்க இன்னும் மேலதான் நிக்குது. திகதியைப் பாருங்க.

பிறகு எரர்ட கடைசி வரியை முழுசா வாசிங்க, அதுல பெரும்பாலும் பைட் 8டி இல்லாட்டி 81 எண்டு இருந்திருக்கும் (பைட் எண்டா கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற சின்னத் துண்டு, 8டி, 81 அதுட நம்பர்). யூடிஎஃப்-8 எண்ட எழுத்துச் சேமிக்கிற முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்டுக்கும் 3 பைட், எங்கட புள்ளிட கடைசி பைட் 8டி, உகரக் குறிட கடைசி பைட் 81, விண்டோஸ் தானா எடுக்கிற 1252 எண்ட பழைய எழுத்து அட்டவணையில இந்த ரெண்டு இடமும் வெறுமை. அதாலதான் 'சூரை', 'பாரை' எண்டு மட்டும் உள்ள ஃபைல் எரர் இல்லாம திறக்கும் (கிறுக்கலாத்தான்), 'மீன்' எண்டு ஒருக்கா வந்தாலும் புள்ளியில போய் நிண்டிரும். இது விளங்கின அண்டைக்கு எனக்கு நித்திரையே வரல்ல, அவ்வளவு சந்தோசம்.

தேடேக்க உங்கட ஃபோல்டர் பேர், பொசிஷன் நம்பரை வெட்டிட்டு எரர் வசனத்தை மட்டும் மேற்கோள் குறிக்குள்ள போட்டு, பக்கத்தில விண்டோஸ் எண்டு சேருங்க. கிடைச்சதை பைத்தன்ட சொந்த டொக்யுமென்டேஷன்ல 'ஓப்பன்' (ஃபைல் திறக்கிற கட்டளை) பக்கத்தில ஒப்பிட்டுப் பாருங்க. ஓப்பன்ல என்கோடிங் (எழுத்து முறை) யூடிஎஃப்-8 எண்டு குடுத்தா உங்கட பிரச்சினை சரி.

ஒண்டு மட்டும் அவசரமா, அப்பாட ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீங்க. இக்னோர் போட்டு வாசிச்சுத் திரும்ப சேவ் பண்ணின ஃபைல்ல புள்ளியும் உகரமும் போயிட்டுது, அதை நம்பிக் கணக்குப் பார்க்க ஏலாது.