கிரேடிங் பிளான் கேள்வி பதில்: பெர்மிட்டுக்கு கொடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

கிரேடிங் பிளான் (மனையில மண்ண எங்க வெட்டி எங்க நிரப்பறோம், மழைத் தண்ணி எப்படி வெளிய போகும்னு காட்டற வரைபடம்), லெவல் (ஒரு இடத்தோட உயரம்), பெர்மிட் பத்தி வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் போடறேன். உங்க ஊர் ஆபீஸ்ல இதுக்குன்னு ஒரு செக்லிஸ்ட் இருக்கும், அத முதல்ல வாங்கி பக்கத்துல வெச்சிக்கோங்க. நான் சொல்ற நம்பரும் அதுல இருக்கற நம்பரும் வேற வேறயா இருந்தா அதுல இருக்கறதுதான் செல்லும்.

கேள்வி: சார், மேடு பள்ளத்த சமப்படுத்தறதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பிளான்? மெஷின விட்டா ஒரே நாள்ல முடியற வேலை.

பதில்: மண்ணத் தள்றது ஒரு நாள் வேலைதான், ஆனா அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு மழைக்கும் தண்ணி புது வழியில போகும், ஆபீஸ்ல பிளான் பாக்கறவர் கவலைப்படறது அதப் பத்திதான். மனையில எந்த மூலையில மழை விழுந்தாலும் அது எங்க போய் சேருதுன்னு பேப்பர் மேலயே பென்சில் வெச்சு தொடர்ந்து பாப்பாரு, அந்தக் கோடு ரோட்டு வடிகாலுக்கோ ஏற்கனவே இருக்கற ஓடைக்கோ போகாம பக்கத்து வீட்டு சுவர்ல போய் முட்டினா ஃபைல் அங்கயே நின்னுடும். நீங்க கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ அப்படி பென்சில் வெச்சு பாத்துடுங்க.

கேள்வி: சாட்டிலைட் மேப்ல இருந்தே கான்டூர் (ஒரே உயரத்துல இருக்கற இடங்கள சேக்கற கோடு) எடுக்க முடியுதே அண்ணா, தனியா சர்வே பண்ணணுமா?

பதில்: கண்டிப்பா பண்ணணும். அந்த மேப் லெவல்ல சில மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரலாம், நம்ம வேலையோ சென்டிமீட்டர் கணக்கு. ட்ரோன் பரவால்ல, ஆனா புல்லும் புதரும் மண்டிக் கிடக்கற இடத்துல அது புல்லோட மேல்மட்டத்ததான் அளக்கும், தரைய இல்ல. சர்வே பண்றவர்கிட்ட ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லுங்க, எல்லைக்கோட்டோட நிறுத்தாம வெளிய இன்னும் 5, 10 மீட்டராவது லெவல் எடுக்கணும், பக்கத்து மனை லெவல், ரோட்டு ஓரம், வடிகாலோட அடிமட்டம் எல்லாம் வேணும். பிளான் திரும்பி வர்றதுல பாதி இந்த வெளிப்பக்க லெவல் இல்லாததாலதான்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: பெஞ்ச்மார்க் (மத்த எல்லா உயரத்தையும் அளக்க ஆரம்பிக்கற புள்ளி) 100.000 மீட்டர்னு நாமளே வெச்சிக்கலாமா?

பதில்: சின்ன மனைன்னா நிறைய இடத்துல ஒத்துக்குவாங்க, அசையாத ஒரு பொருள் மேல மார்க் பண்ணி அது எங்க இருக்குன்னு பிளான்ல எழுதிடணும். ஆனா வெள்ளம் வர்ற பகுதின்னா வேண்டாம். வெள்ள மட்டத்த அரசாங்க டேட்டத்துலதான் (எல்லாருக்கும் பொதுவான அடிப்படை மட்டம்) சொல்வாங்க, உங்க 100ஐ வெச்சு தரைத்தளம் அதுக்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது.

கேள்வி: "கான்டூர் சேரலை"ன்னு ஒரே வரி எழுதி திருப்பி அனுப்பிட்டாங்க சார், என்ன அர்த்தம்?

பதில்: பழைய தரைய விட்டு விட்டு போற கோட்டுலயும் புது தரைய முழுக் கோட்டுலயும் காட்டறது வழக்கம். புதுசா போட்ட 101 கோடு வேலை முடியற இடத்துல பழைய 101 கோட்டுலதான் போய் சேரணும், அந்தரத்துல நின்னா அங்க ஒரு செங்குத்து வெட்டு இருக்குன்னு ஆகிடும். எல்லைக்கு உள்ளயே சேரணும், வெளிய போய் சேர்ந்தா அடுத்தவர் நிலத்துல மண் அள்றோம்னு அர்த்தம். இன்னொண்ணும் பாருங்க, வாய்க்கால் வர்ற இடத்துல கான்டூரோட மூக்கு, அதாவது அது வளையற முனை, மேட்டுப் பக்கம் பாக்கணும், பள்ளத்துப் பக்கம் பாத்தா நீங்க வரைஞ்சது வாய்க்கால் இல்ல, வரப்பு.

கேள்வி: வீட்ட சுத்தி எவ்ளோ சரிவு கொடுக்கணும்? தரைத்தள லெவல எப்படி முடிவு பண்றது? தயவுசெஞ்சு உதாரணத்தோட சொல்லுங்க.

பதில்: இது நல்ல கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க. இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோடுல (அமெரிக்காவுல வீடு கட்டறதுக்கான மாதிரி விதித்தொகுப்பு) பொதுவா சொல்றது, சுவர்ல இருந்து முதல் 10 அடிக்குள்ள 6 இஞ்ச் இறங்கணும், அதாவது 5 சதவீதம். இப்ப தரைத்தளம் 101.20ன்னு வெச்சிக்கோங்க (லெவல் எல்லாம் மீட்டர்ல), சுவர் ஓரத்துல மண் அதவிட 20 சென்டிமீட்டர் கீழ, 101.00. அங்கருந்து 3 மீட்டர் தள்ளி 100.85. அந்த இடத்துல பக்கவாட்டுல ஒரு ஆழமில்லாத வாய்க்கால், முன்பக்கம் நோக்கி 20 மீட்டர், 2 சதவீதம்னா 40 சென்டிமீட்டர் இறங்கி 100.45ல முடியும். சரி, முன் எல்லையில இப்ப இருக்கற தரை என்ன? 100.60. தண்ணி 15 சென்டிமீட்டர் மேல ஏறினாதான் வெளிய போகும், ஏறாது, தேங்கும். அதனால வீட்டையே 20 சென்டிமீட்டர் தூக்கி தரைத்தளம் 101.40 ஆக்கினா வாய்க்கால் 100.65ல முடியும், தண்ணி தானா வெளிய போயிடும். பாத்தீங்களா, கணக்க வெளிய இருந்து உள்ள கொண்டு வரணும், வடிகால்ல ஆரம்பிச்சு வீட்டுல முடிக்கணும், ஆனா நிறைய பேர் அழகுக்கு ஒரு தரைத்தள லெவல வெச்சுட்டு அப்புறம் தண்ணிய எங்க விடறதுன்னு தேடறாங்க. தூக்கினதுக்கப்புறம் பக்க எல்லையையும் ஒரு தடவ பாத்துக்கோங்க, அங்க பக்கத்து மனைய விட உங்க மண் உசந்துட்டா புதுப் பிரச்சனை.

கேள்வி: வெட்டறது 300 கன மீட்டர், நிரப்பறதும் 300. அப்ப வெளிய மண் போகாதுன்னு எழுதிடலாமா?

பதில்: எழுதாதீங்க. வெட்டின மண் லாரியில உப்பும், சாதாரண மண்ணுக்கு 25 சதவீதம் வரைக்கும் கூடும், அதையே கொட்டி ரோலர் விட்டு இறுக்கினா முதல்ல இருந்தத விட சுமார் 10 சதவீதம் குறையும். உங்க 300 அங்க 270தான் வரும், மீதி 30 வெளிய இருந்து வரணும். அதுலயும் மேல் மண்ண நிரப்புல சேக்கக் கூடாது, வேரும் மக்கினதும் இருக்கும், தனியா குவிச்சு வெச்சு கடைசியில செடி வைக்கற இடத்துக்கு போடுங்க.

கேள்வி: எங்க மனை நல்ல சரிவு. எவ்ளோ செங்குத்தா வெட்டலாம்?

பதில்: இன்டர்நேஷனல் பில்டிங் கோடோட அப்பெண்டிக்ஸ் ஜேய (மண் வேலை பத்தின பின்னிணைப்பு) ஏத்துக்கிட்ட ஊர்கள்ல பொதுவா 2 மீட்டர் தள்ளி 1 மீட்டர் ஏறலாம், அதவிட செங்குத்துன்னா மண் ரிப்போர்ட் வெச்சு நிரூபிக்கணும். எல்லையில இருந்து தள்ளி நிக்கற தூரமும் உண்டு, வெட்டோட உச்சிக்கு உயரத்துல அஞ்சுல ஒரு பங்கு, நிரப்போட அடிவாரத்துக்கு உயரத்துல பாதி, அப்ப 4 மீட்டர் உயர நிரப்புக்கு 2 மீட்டர். 20 சதவீதத்துக்கு மேல சரிவா இருக்கற தரை மேல 5 அடிக்கு மேல நிரப்பறீங்கன்னா பழைய தரைய படிப்படியா வெட்டிட்டுதான் மண் போடணும், சரிவு மேல அப்படியே கொட்டினா மொத்தமும் வழுக்கும். ஒவ்வொரு அடுக்கும் 30 சென்டிமீட்டருக்குள்ள இருக்கட்டும், இறுக்கம் 90 சதவீதம், மாடிஃபைட் ப்ராக்டர் கணக்குல (அந்த மண்ண லேப்ல இறுக்கிப் பாக்கற டெஸ்ட்ல கிடைக்கற அதிகபட்ச அடர்த்தியில). இத பிளான்லயே நோட்டா எழுதிடுங்க.

கேள்வி: மண்ணத் தாங்கற 1 மீட்டர் சுவர்தான், அதுக்கும் பெர்மிட்டா?

பதில்: பல இடத்துல 4 அடி வரைக்கும் விலக்கு உண்டு, ஆனா அத அளக்கறது அஸ்திவாரத்தோட அடியில இருந்து. தரைக்கு மேல 1 மீட்டர் தெரிஞ்சா கீழ இருக்கறதையும் கூட்டிக்கோங்க, தாண்டிடும். சுவருக்கு மேல சரிவோ வண்டி நிக்கற இடமோ இருந்தா அந்த விலக்கே கிடையாது.

கேள்வி: மண் அரிப்பு ஷீட் தனியா கேக்கறாங்க, அவசியமா?

பதில்: அவசியம். சில்ட் ஃபென்ஸ் (அரிச்சு வர்ற மண்ணத் தடுக்கற துணி வேலி) கீழ்ப்பக்கத்துல, கான்டூர ஒட்டி, துணியோட அடி 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கணும், வாய்க்கால் குறுக்க கட்டாதீங்க, அடிச்சிட்டு போயிடும். வேலை வரிசையையும் எழுதுங்க, முதல்ல வேலி, அப்புறம்தான் மண்ணுல கை வைக்கறது.

கேள்வி: ரிவ்யூ கமெண்ட் பக்கம் பக்கமா வந்திருக்கு, மனசே விட்டுப்போச்சு அண்ணா.

பதில்: மனச விடாதீங்க தம்பி, முதல் ரவுண்டுல கமெண்ட் வர்றது சகஜம். ஒவ்வொரு கமெண்டையும் அப்படியே காப்பி பண்ணி அதுக்கு கீழ என்ன மாத்தினீங்க, எந்த ஷீட்டுலன்னு எழுதுங்க, மாத்தின இடத்த ஷீட்டுல வட்டம் போட்டு ரிவிஷன் நம்பரும் தேதியும் குடுங்க. ஒரு லெவல மாத்தினா கட் ஃபில் டேபிள் (வெட்டற, நிரப்பற மண் கணக்கு), செக்‌ஷன், வடிகால் ஷீட் மூணையும் மாத்திட்டீங்களான்னு பாருங்க, ஒண்ணு விட்டுப்போனா அடுத்த ரவுண்டு கமெண்ட் அதுல இருந்துதான் வரும். புரியாத கமெண்ட் இருந்தா ஊகத்துல வரையாம அவருக்கே போன் பண்ணி கேளுங்க, பெரும்பாலும் நல்லாவே சொல்லித்தருவாங்க.