டார்பால் கட்டுவது பற்றிக் கேட்டீர்கள்: மேக் டிஸ்ட், மேக் டிஸ்ட்செக் கேள்வி பதில்

ஆட்டோமேக் (மேக் கட்டளைக்கான பில்ட் கோப்புகளை உருவாக்க உதவும் கருவி) வைத்து மூலநிரலை டார்பாலாகக் கட்டி, அதாவது எல்லாக் கோப்புகளையும் சுருக்கிய ஒரே கோப்பாக்கி, வெளியிடுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். டார்பாலைக் கட்டும் கட்டளை மேக் டிஸ்ட், கட்டியதைச் சோதித்தும் பார்ப்பது மேக் டிஸ்ட்செக். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: என் கணினியில் பில்ட் ஆகிறது, இறக்கியவர் கணினியில் ஆகவில்லை. அதனால் அதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன், மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எல்லாம்தான் கிட்டில் இருக்கிறதே, க்ளோன் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னால் போதாதா? தனியாக டார்பால் எதற்கு?

கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி, க்ளோன் என்பது அதில் உள்ளதன் முழு நகல். உங்களோடு சேர்ந்து நிரல் எழுதுபவருக்கு க்ளோன் போதும். நிறுவிப் பயன்படுத்த வருபவர் வேறு ஆள். கிட்டில் நாம் வைப்பது கையால் எழுதிய கோப்புகளை மட்டும். பில்டுக்கு முன் கணினியைச் சோதித்துத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அங்கே இருக்காது, ஆட்டோரீகான்ஃப் ஓட்டித்தான் அதை உருவாக்க வேண்டும், அதற்கு ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், எம்4, பெர்ல் எல்லாம் வேண்டும், பதிப்புகளும் ஒத்துப்போக வேண்டும். டார்பாலில் கான்ஃபிகர் தயாராக இருக்கும். பைசன் (மொழி விதிகளிலிருந்து சி நிரலை உருவாக்கும் கருவி) இலக்கணக் கோப்பு இருந்தால் அதிலிருந்து உண்டான சி கோப்பையும் ஆட்டோமேக் சேர்த்தே கட்டிவிடும். இறக்குபவரிடம் ஒரு ஷெல், மேக், கம்பைலர் இருந்தால் போதும். ஆட்டோகான்ஃப் தொடங்கிய 1991-ல் யூனிக்ஸ் என்ற பெயரில் ஆளுக்கொரு விதமான கணினி வைத்திருந்தார்கள், அவற்றில் எதிலும் கூடுதலாக ஒன்றை நிறுவச் சொல்லாமல் வேலை நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கேள்வி: கோப்புறையை அப்படியே டார் கட்டளையால் சுருக்கி அனுப்பினால் என்ன ஆகும்?

உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகள், எடிட்டர் விட்டுப்போன தற்காலிகக் கோப்புகள், சோதனைக்காக வைத்த கடவுச்சொல் கோப்பு எல்லாம் சேர்ந்து போகும். மேக் டிஸ்ட் எதிர்த்திசையில் வேலை செய்கிறது: நீங்கள் பெயர் சொன்னது மட்டும்தான் உள்ளே போகும். அதனால்தான் அதை நம்பலாம். அடுத்த கேள்வியில் வருகிற சிக்கலுக்கும் அதுதான் காரணம்.

கேள்வி: என் டார்பாலை இறக்கிய ஒருவர் ஒரு ஹெடர் கோப்பு இல்லை என்று பிழை வருவதாக எழுதினார். கிட்டில் அந்தக் கோப்பு இருக்கிறது, எனக்கு ஒரு பிழையும் வரவில்லை. எப்படி?

ஆட்டோமேக்குக்காக நீங்கள் எழுதிய மேக்ஃபைல்.ஏஎம் கோப்பைத் திறந்து சோர்சஸ் என்று முடியும் வரியைப் பாருங்கள். சி கோப்புகளை மட்டும் எழுதியிருப்பீர்கள், ஹெடர் விட்டுப்போயிருக்கும். கம்பைல் செய்ய அந்த வரியில் ஹெடர் வேண்டியதில்லை, கம்பைலரே இன்க்ளூட் வரியைப் பார்த்துத் தேடி எடுத்துக்கொள்ளும், அதனால் உங்களுக்கு எந்தப் பிழையும் வராது. ஆனால் எந்தக் கோப்பைக் கட்ட வேண்டும் என்பதை ஆட்டோமேக் அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஹெடரையும் அதே வரியில் சேருங்கள், தீர்ந்தது.

நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். முதன்முதலில் ஒரு சிறு கருவியை வெளியிட்டபோது மூன்று பேர் இறக்கினார்கள், மூன்று பேருக்கும் பில்ட் ஆகவில்லை, அதில் ஒருவர்தான் பொறுமையாக எழுதிச் சொன்னார். மற்ற இருவரும் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து டிஸ்ட்செக் ஓட்டாமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை.

ஹெடர் போலவே விட்டுப்போகிறவை: தரவுக் கோப்புகள், சோதனைக்கான மாதிரி உள்ளீடுகள், படங்கள். நிறுவும்போதும் தேவைப்படும் தரவு என்றால் மாறியின் பெயருக்கு முன்னால் டிஸ்ட் என்ற ஒட்டைச் சேர்க்க வேண்டும். கட்டினால் மட்டும் போதும், நிறுவ வேண்டாம் என்றால் எக்ஸ்ட்ரா டிஸ்ட் மாறியில் எழுதுங்கள். ரீட்மீ, நியூஸ், காப்பியிங் போன்ற கோப்புகளைச் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மேக் டிஸ்ட் சரியாக ஓடுகிறது, மேக் டிஸ்ட்செக் ஓட்டினால் பாதியில் பர்மிஷன் டினைட் என்று நின்றுவிடுகிறது சார். கோப்புறைக்கு அனுமதி எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

அனுமதியில் கை வைக்காதீர்கள், அந்தப் பிழை வேண்டுமென்றே வரவழைக்கப்படுவது. டிஸ்ட்செக் என்ன செய்கிறது என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம்.

முதலில் டார்பாலைக் கட்டும், கட்டியதை உடனே வேறோர் இடத்தில் அவிழ்க்கும். அவிழ்த்த மூலநிரல் முழுவதிலும் எழுதும் அனுமதியை எடுத்துவிடும். பிறகு அதற்குள்ளேயே பில்டுக்கு என்று தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அங்கே நின்றுகொண்டு கான்ஃபிகர், மேக், மேக் செக் மூன்றையும் ஓட்டும். அதாவது மூலநிரல் ஓரிடம், பில்ட் ஓரிடம், மூலநிரல் இருக்கும் இடத்தில் ஓர் எழுத்துகூட எழுத முடியாது. உங்கள் சோதனை ஸ்கிரிப்ட் தன் முடிவுகளை மூலநிரல் கோப்புறையிலேயே எழுதப் பார்க்கிறது, அதனால்தான் இந்தப் பிழை. எழுதுவது எல்லாம் பில்ட் கோப்புறைக்குப் போக வேண்டும். வாசிக்கிற கோப்புக்கு, மூலநிரல் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எஸ்ஆர்சிடிர் மாறியை முன்னால் சேர்க்க வேண்டும். மாதிரி உள்ளீட்டை வெறும் பெயரால் திறக்கிற சோதனை, கோப்பு இல்லை என்று இதே இடத்தில்தான் விழும்.

இதெல்லாம் எதற்கு என்றால், லினக்ஸ் விநியோகங்களுக்குப் பொதி கட்டுகிறவர்கள் பலர் மூலநிரலைத் தனியே வைத்துவிட்டு வேறு கோப்புறையில்தான் பில்ட் செய்வார்கள். சிலர் படிக்க மட்டும் அனுமதியுள்ள இடத்தில் வைத்திருப்பார்கள்.

இதோடு முடியவில்லை. அடுத்து ஒரு தற்காலிக இடத்தில் நிறுவிப் பார்க்கும், நிறுவியதை நீக்கும், நீக்கிய பிறகு ஏதாவது கோப்பு மிச்சம் இருந்தால் பிழை என்று நிற்கும். பிறகு, உண்மையான இடத்துக்குப் பதிலாக வேறு கோப்புறைக்குள் நிறுவச் சொல்லும் டெஸ்ட்டிர் மாறியைக் கொடுத்து இன்னொருமுறை நிறுவும், பொதி கட்டுபவர்கள் செய்வது இதைத்தான். உங்கள் மேக்ஃபைலில் எங்காவது நிறுவும் இடத்தை நேரடியாக எழுதி வைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் அவிழ்த்ததிலிருந்தே இன்னொரு டார்பால் கட்ட முடிகிறதா என்று பார்க்கும், ஏனென்றால் உங்களிடமிருந்து வாங்கியவர் திருத்தி மறுபடி வெளியிடவும் வழி இருக்க வேண்டும். கடைசியில் கான்ஃபிகரும் பில்டும் உண்டாக்கியவற்றை அழிக்கும் டிஸ்ட்க்ளீன் ஓட்டி, பில்ட் கோப்புறையில் எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்த பிறகுதான் டார்பால் தயார் என்ற செய்தி வரும்.

ஒவ்வொரு படியும் யாரோ ஒருவர் உண்மையில் செய்கிற வேலை. பிழை வருகிறதே என்று டிஸ்ட்செக்கை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பிழையை நீங்கள் இன்று பார்க்காவிட்டால் முகம் தெரியாத ஒருவர் நாளைக்குப் பார்க்கப்போகிறார்.

கேள்வி: என் நிரலைக் கான்ஃபிகர் செய்யும்போது ஒரு விருப்பம் கொடுத்தால்தான் சோதனைகள் ஓடும். டிஸ்ட்செக் அதைக் கொடுப்பதில்லையே?

ஏஎம் டிஸ்ட்செக் கான்ஃபிகர் ஃப்ளாக்ஸ் என்ற மாறியை மேல்மட்ட மேக்ஃபைல்.ஏஎம் கோப்பில் வையுங்கள், அதில் எழுதியதை டிஸ்ட்செக் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கான்ஃபிகரையும் கிட்டிலேயே போட்டுவிட்டேன், ஆட்டோரீகான்ஃப் தேவைப்படாதே என்று. இப்போது க்ளோன் செய்பவர்களுக்கு ஏசிலோக்கல் (ஆட்டோமேக்கோடு வரும் துணைக் கருவி) பதிப்பு இல்லை என்று பிழை வருகிறது.

கிட் கோப்புகளின் நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை. க்ளோன் செய்யும்போது எல்லாக் கோப்புக்கும் அந்த நேரமே விழும், எது முன், எது பின் என்பது ஒழுங்கில்லாமல் போகும். கான்ஃபிகருக்கு மூலமான கான்ஃபிகர்.ஏசி கோப்பைவிட கான்ஃபிகர் பழையதாகத் தெரிந்தால், மேக் அதை மறுபடி உருவாக்கப் பார்க்கும், அதற்கு உங்களிடம் இருந்த அதே பதிப்பைத் தேடும். டார் நேரங்களைக் காப்பாற்றும், அதனால் டார்பாலில் இந்தச் சிக்கல் வராது. கிட்டிலிருந்து கான்ஃபிகரை எடுத்துவிடுங்கள், அதுதான் சரியான தீர்வு.

கேள்வி: கிட்ஹப்பில் டேக் போட்டாலே சோர்ஸ் கோட் என்று ஒரு டார்பால் தானாக வருகிறதே, அதையே வெளியீடாக வைத்துக்கொள்ளலாமா?

அது அந்த டேக்கில் உள்ள கோப்புகளின் நகல், அவ்வளவுதான். கான்ஃபிகர் அதில் இருக்காது, சப்மாட்யூல்களும் வராது. இன்னொன்று, அது ஒருமுறை கட்டி வைக்கப்பட்ட கோப்பு அல்ல, கேட்கும்போது உருவாக்கித் தருவது. 2023 ஜனவரி கடைசியில் கிட்ஹப் புதிய கிட் பதிப்புக்கு மாறியபோது சுருக்கும் முறை மாறி, உள்ளே அதே கோப்புகள் இருந்தும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வேறாக வந்தது. செக்சம்மைச் சரிபார்க்கும் எத்தனையோ பில்ட்கள் அன்று நின்றுபோயின, சில மணி நேரத்தில் மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். நீங்கள் கட்டிய டார்பாலை ரிலீஸ் பக்கத்தில் தனியாக ஏற்றுங்கள், அது மாறாது.

கேள்வி: எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகு டார்பாலையே நம்பக்கூடாது என்று சொல்கிறார்களே?

முக்கியமான கேள்வி. நடந்தது இது: கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்புகளிலும் பின்கதவு வைக்கப்பட்டிருப்பதை 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ரோயிண்ட் வெளியிட்டார். தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிடச் சுமார் அரை நொடி தாமதமாவது ஏன் என்று தேடிப்போய்க் கண்டுபிடித்தார். கெட்ட நிரல் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிட்டிலேயே இருந்தது. ஆனால் பில்டின்போது அதை எடுத்து ஓட்டவைக்கும் வரிகள், கான்ஃபிகரை உருவாக்க உதவும் ஓர் எம்4 கோப்பில் இருந்தன, அப்படி மாற்றப்பட்ட எம்4 கோப்பு டார்பாலில் மட்டும்தான் இருந்தது, கிட்டில் இல்லை. டார்பாலில் கிட்டில் இல்லாத கோப்புகள் இருப்பது இயல்பு என்று எல்லோரும் பழகியிருந்ததால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. டார்பாலில் ஆட்டோரீகான்ஃப் மறுபடி ஓட்டினாலும் தப்பித்திருக்க முடியாது, அந்த எம்4 கோப்பும் அதற்குள்தானே இருந்தது.

அதற்காக டார்பாலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கிட்டிலிருந்து யார் கட்டினாலும் அதே டார்பால் வர வேண்டும், நான் கேட்பது அதுதான். உங்கள் மடிக்கணினியில் கட்டாதீர்கள். புதிதாக க்ளோன் எடுத்து, எந்தெந்தப் பதிப்பு ஆட்டோமேக், ஆட்டோகான்ஃப் என்று எழுதி வைத்த கண்டெய்னரில் (மற்றவற்றிலிருந்து தனித்து ஓடும் சூழலில்) கட்டுங்கள். டார் கட்டளைக்குக் கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள், உரிமையாளர் எண்களைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள், கோப்பு நேரங்களைக் கடைசி கமிட்டின் நேரமாக வைக்கச் சொல்லுங்கள். சுருக்கும் கருவியான ஜிஜிப்பின் தலைப்பில் நேரம் பதியாமலிருக்க அதன் -n விருப்பத்தைக் கொடுங்கள். இவ்வளவும் செய்தால், வேறொருவர் தன் கணினியில் கட்டி உங்கள் செக்சம்மோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கேள்வி: எஸ்எச்ஏ256 செக்சம் பக்கத்திலேயே வைக்கிறேன், அது போதாதா?

இறக்கும்போது கோப்பு கெட்டுப்போனதா என்று தெரிந்துகொள்ளப் போதும். டார்பாலை மாற்றுகிறவர் அதே சர்வரில் உள்ள செக்சம்மையும் மாற்றிவிடுவார். உங்கள் ரகசியச் சாவியால் இடும் ஜிபிஜி கையொப்பமும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: 1.2 வெளியிட்டு ஒரு மணி நேரத்தில் பிழை தெரிந்தது, திருத்தி அதே பெயரில் மாற்றி ஏற்றிவிட்டேன். பரவாயில்லைதானே?

தயவுசெய்து இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் இறக்கியவரிடம் ஒரு 1.2, பிறகு இறக்கியவரிடம் வேறொரு 1.2, பிழை என்று யாராவது எழுதினால் எந்த 1.2 என்று உங்களாலேயே சொல்ல முடியாது. 1.2.1 என்று போடுங்கள், எண்களுக்குப் பஞ்சமில்லை. பைத்தானின் பைபிஐ தளத்தில் ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரை நீக்கிவிட்டால்கூட மறுபடி ஏற்ற முடியாது, அந்த விதி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன், ஆட்டோமேக்குக்குப் பதில் சிமேக் அல்லது மெசான். அவற்றில் இதெல்லாம் உண்டா?

மெசானில் மெசான் டிஸ்ட் என்ற கட்டளை உண்டு, கமிட் செய்தது மட்டும்தான் உள்ளே போகும், கட்டியதை அவிழ்த்துப் பில்ட் செய்து சோதனையும் ஓட்டிப் பார்க்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு. சிமேக்கில் சிபேக் என்ற பொதி கட்டும் கருவி உண்டு, அதன் பேக்கேஜ் சோர்ஸ் இலக்கு மூலநிரல் கோப்புறையை மொத்தமாக அள்ளும். கிட் கோப்புறையைத் தானே விட்டுவிடும், ஆனால் பில்ட் கோப்புறையையும் மற்றவற்றையும் விடச் சொல்லி நீங்கள்தான் எழுத வேண்டும். கட்டிய பிறகு அவிழ்த்துச் சோதிக்கிற வேலையும் உங்களுடையதுதான்.

கேள்வி: தமிழ் நூல்களைத் தரவாக வைத்து ஒரு கருவி செய்கிறேன். கோப்புப் பெயர்களும் தமிழில். மேக் டிஸ்ட் ஓட்டினால் பெயர் நீளமாக இருக்கிறது என்று சில கோப்புகளை விட்டுவிடுகிறது. பெயர் அப்படி ஒன்றும் நீளமில்லையே?

கண்ணுக்கு நீளமில்லை, பைட் கணக்கில் நீளம். ஆட்டோமேக் பல ஆண்டுகளாக இயல்பாகப் பயன்படுத்தி வந்த வி7 டார் வடிவத்தில் கோப்புறைகளோடு சேர்த்துப் பாதை முழுவதற்கும் 99 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். தொல்காப்பியம் என்ற ஒரு சொல்லே 13 குறியீடு, 39 பைட். நூல், அதிகாரம், இயல் என்று மூன்று அடுக்குக் கோப்புறை வைத்தால் இடம் முடிந்துவிடும். கான்ஃபிகர்.ஏசி கோப்பில் ஆட்டோமேக்கைத் தொடங்கும் வரியில் டார்-பேக்ஸ் என்ற விருப்பத்தைச் சேருங்கள், இந்த வரம்பு போய்விடும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கொ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கே கட்டிய டார்பாலை லினக்ஸில் அவிழ்த்தால், மேக்ஃபைலில் ஒன்றாக எழுதிய பெயரும் வட்டில் பிரிந்து கிடக்கும் பெயரும் பொருந்தாமல், மேக் கட்டளை கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று சொல்லும். அதனால் உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும், கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்து, எந்தக் கோப்பு எந்த நூல் என்று ஓர் அட்டவணைக் கோப்பில் தமிழில் எழுதிவிடுங்கள். அந்த அட்டவணையையும் எக்ஸ்ட்ரா டிஸ்டில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.