கல்யாண மேடையும் சொந்த மெட்டும்

கேள்வி: நான் தேவகோட்டைக்காரன். வயது 26. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரியில் படித்தபோது கிட்டார் பழகினேன். இப்போது நால்வராகச் சேர்ந்து சின்ன மெல்லிசைக் குழு நடத்துகிறோம். கல்யாண வரவேற்பு, மணிவிழா, கோயில் திருவிழா என்று நிகழ்ச்சிகள் வருகின்றன. எல்லாமே சினிமாப் பாட்டுத்தான். நான் சொந்தமாக ஆறு பாட்டு எழுதி மெட்டமைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு வரவேற்பில் துணிந்து அவற்றில் ஒன்றைப் பாடினேன். பாதியிலேயே ஒரு பெரியவர் எழுந்து வந்து, "தெரிந்த பாட்டாகப் பாடுங்கள் தம்பி" என்றார். குழுவை நடத்தும் அண்ணனுக்கும் வருத்தம். இன்னொரு நண்பனோ, "அடுத்தவர் பாட்டை வாசிப்பது நகலெடுக்கும் வேலை, வெளியே வந்துவிடு" என்கிறான். விலகிவிடலாமா? இந்தக் கிட்டாரை விற்று எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம் என்றும் இருக்கிறேன். என் இரண்டு பாட்டையும், திருவிழாவில் வாசித்த ஒரு பழைய பாட்டையும் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, அந்தப் பெரியவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வரவேற்பு என்பது பெண்வீட்டாரும் மாப்பிள்ளைவீட்டாரும் செலவழித்து நடத்துகிற நாள். சென்னையிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த பங்காளிகள் பல வருடம் கழித்து முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பக்கத்தில் பந்தி நடக்கிறது. அங்கே பாட்டு பேச்சுக்குப் பின்னால் ஓடுவதற்குத்தான். தெரிந்த பாட்டு என்றால் காதைக் கொடுக்காமலே கேட்டுவிடலாம். பல்லவி வரும்போது தலை தானாக ஆடும். புதுப் பாட்டுக்கு முதல் வரியிலிருந்தே கவனம் வேண்டும், அந்தக் கவனத்தை அன்றைக்கு யாரிடமும் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆகவே உங்கள் பாட்டு பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடவில்லை. அதை யாரும் கேட்கவே இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு மேடை ஏறும் நாளில் அவர்கள் கேட்கும் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. குழுவை விட்டு விலகவும் வேண்டாம்.

இனி, நகல் என்று சொன்ன நண்பருக்கு. காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர் பெற்ற வீணைக் கலைஞர்கள் சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார், தம்பி வழக்கம்போல் கிடத்தி வாசித்தார். வாசித்தது பெரும்பாலும் முன்னோர் செய்த கீர்த்தனைகளைத்தான். ஆனால் அந்த மீட்டுக்கு இன்றுவரை காரைக்குடி பாணி என்று பெயர் நிற்கிறது. அதை யாராவது நகல் என்பார்களா? கிட்டார் உலகத்திலும் கதை இதுதான். பீட்டில்ஸ் குழுவினர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மதுக்கூடங்களில் இரவு இரவாக அடுத்தவர் பாட்டை வாசித்துத் தேறியவர்கள். 1963-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, அதில் ஆறு பிறருடையவை. 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாப் டிலனின் முதல் ஆல்பம் 1962-இல் வந்தது. அதில் 13 பாட்டு. அவர் எழுதியவை இரண்டே இரண்டு.

சரி, நீங்கள் அனுப்பிய மூன்று பதிவுகளுக்கு வருகிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவில் வாசித்த அந்தப் பழைய பாட்டில் முதல் இடையிசை வயலின் கூட்டத்துக்காக எழுதப்பட்டது. உங்கள் குழுவில் வயலின் இல்லை. நீங்கள் அதை இரண்டு கம்பிகளில் சேர்த்து, கொஞ்சம் தாமதித்து, ஓரிடத்தில் ஒரு ஸ்வரத்தையே விட்டுவிட்டு வாசித்திருக்கிறீர்கள். அதை மூன்று முறை திரும்பக் கேட்டேன். அது உங்களுடையது. யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை.

சொந்தப் பாட்டு இரண்டும் அப்படி இல்லை. இரண்டும் ஜி, ஈ மைனர், சி, டி என்ற அதே நான்கு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), அதே வேகத்தில், அதே கைவீச்சில் ஓடுகின்றன. அந்த வரிசையில் தவறில்லை, அது யாருக்கும் சொந்தமும் இல்லை. ஆனால் அதன்மேல் நீங்கள் போட்ட மெட்டு, அந்தக் கார்டுகளைப் பிடித்தவுடன் எல்லோருக்கும் வருகிற மெட்டு. வரிகளில் மழை, நிலா, ஜன்னலோரம், தனிமை. இரண்டாவது சரணத்தில் சொல்வதற்கு எதுவும் இல்லாமல் முதல் சரணத்தையே வேறு வார்த்தையில் திருப்பிப் பாடியிருக்கிறீர்கள். பிறர் பாட்டில் உங்கள் கை தெரிகிறது, உங்கள் பாட்டில் பிறர் கைகள்தான் தெரிகின்றன. நண்பர் சொன்ன நகல் எங்கே இருக்கிறது என்று இப்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதற்காக எழுதுவதை நிறுத்த வேண்டாம். எழுதும் வழியை மாற்றுங்கள். ஆறு பாட்டில் ஐந்தை எடுத்து வைத்துவிட்டு ஒன்றை மட்டும் முடியுங்கள். நிலாவை விடுங்கள். நீங்கள் வேலைக்குப் போய்வரும் வழியில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது? வருடத்துக்கு ஒரு முறை, ஒரு சாமி கும்பிடவோ ஒரு கல்யாணத்துக்கோ திறந்து, பட்டாலை என்கிற கூடத்தைக் கழுவிவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போகிறார்கள். சாவியை வைத்திருப்பவர் யார், அவர் தினமும் எந்தக் கதவிலிருந்து திறக்க ஆரம்பிக்கிறார், இதற்கே இரண்டு சரணம் போதாது. இது ஒரு உதாரணம்தான். இதையே எழுதி எனக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் கணக்குப் பேரேட்டிலிருந்துகூட ஒரு பாட்டு வரலாம்.

வரிகள் வரவே மறுத்தால் இன்னொரு வழி இருக்கிறது, அதற்கும் உங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் ஸ்டூடியோ நடத்திய காலத்தில், பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். 1947-இல் வெளிவந்த தம்முடைய 'நாம் இருவர்' படத்தில் அந்தப் பாடல்களைப் பயன்படுத்தவும் செய்தார். பாரதி மக்கள் சொத்தாக வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, 1949-இல் அந்த உரிமையைக் காசு வாங்காமல் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். இன்று பாரதியின் எந்த வரிக்கும் யாரும் மெட்டுப் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதிகம் பாடப்படாத ஒரு பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். வரி அவருடையது, மெட்டு உங்களுடையது. வரி திடமாக இருக்கும்போது மெட்டு சோம்பலாக இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும், அதுதான் இதில் லாபம். வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டுகளையும் கேட்டுப் பதிந்து வையுங்கள். அதில் மாமன் கொண்டுவரும் சீர்வரிசை அடுக்கடுக்காக வருகிற இடத்துக்குக் கிட்டார் எப்படிப் பின்னால் போகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கே ஆசையாக இருக்கிறது.

குழுவில் வாசிக்கும் சினிமாப் பாட்டையும் இதற்காகவே பயன்படுத்துங்கள். போனில் கார்டு பார்த்து வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு பாட்டை எடுத்து முகப்பிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், இரண்டாம் இடையிசை என்று பிரித்து, காதால் மட்டும் கேட்டு எழுதுங்கள். இரண்டு இடையிசையும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் எந்த வாத்தியம் நுழைகிறது என்று கவனியுங்கள். பாடுபவருக்கு அரைக் கட்டை ஏற்ற வேண்டுமென்றால் கேபோவை (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) ஒரு ஃப்ரெட், அதாவது ஒரு கட்டம், தள்ளி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். மாட்டாமல், அதே ஸ்ருதியைப் பாரே கார்டில், ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விரல் வலிக்கும். அந்த வலியில்தான் ஜி, ஈ மைனரை விட்டு வெளியே வருவீர்கள்.

பாட்டு முடிந்தபின் எங்கே பாடுவது? முதலில் வீட்டு முகப்பில், பத்துப் பேருக்குள். முன்னுரை சொல்லாதீர்கள்; "இது நான் எழுதியது" என்று ஆரம்பித்தாலே எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். நடுவில் சும்மா ஒரு பாட்டாகப் பாடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாலு நாள் கழித்து யாராவது, "அன்று பாடினாயே, அது எந்தப் படம்?" என்று கேட்டால் அந்தப் பாட்டைக் காப்பாற்றலாம்.

அடுத்து, கானாடுகாத்தான் பக்கம் பழைய மாளிகைகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள் அல்லவா? மாலையில் அங்கே மெதுவாகக் கிட்டார் வாசிக்க ஆள் வேண்டுமா என்று விசாரித்துப் பாருங்கள். பிரான்சிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பவருக்கு நம் சினிமாப் பாட்டும் தெரியாது, உங்கள் பாட்டும் தெரியாது. இரண்டும் ஒன்றுபோல் புதிது. உங்கள் பாட்டு பெயர் பெற்ற பாட்டோடு சமமாக நிற்கக்கூடிய இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதைவிட வேறு இல்லை. அவர்கள் கைதட்டுவதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லாவற்றுக்கும் தட்டுவார்கள். பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று பாருங்கள்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களில் பிறர் பாட்டைப் பாடுவதற்கு விலக்குத் தருகிறது. தொழில்முறை அல்லாத மன்றங்கள் கட்டணமில்லாமல் நடத்தும் நிகழ்ச்சிக்கும் விலக்கு உண்டு. ஹோட்டல் அப்படியல்ல, அங்கே சினிமாப் பாட்டு ஒலிக்க நிர்வாகம் உரிமம் எடுத்திருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பாட்டுக்கும் பாரதிக்கும் அந்தச் செலவில்லை என்பதை மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள், உங்கள் கலையைவிட அது அவருக்குச் சீக்கிரம் புரியும். சினிமாப் பாட்டை வாசித்து யூடியூப்பில் போட்டால் அதில் வரும் வருமானத்தை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம், நீக்கவும் சொல்லலாம். அதை ஒரு தொழிலாக நம்பி இறங்க வேண்டாம்.

அண்ணனிடம் பேசிவிடுங்கள். கேட்காமல் மேடையில் பாடியது அவருக்கு வலித்திருக்கும். அட்வான்ஸ் வாங்கி, ஸ்பீக்கர் ஏற்றி, நாளைக்கு அந்த வீட்டாருக்குப் பதில் சொல்பவர் அவர். "இனி வரவேற்பில் பாடமாட்டேன் அண்ணா, ஆனால் ஒத்திகை முடிந்தபின் அரை மணி நேரம் என் பாட்டு ஒன்றுக்குக் கொடுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் குழுவில் கீபோர்டோ தபேலாவோ வாசிப்பவர் அந்த அரை மணி நேரத்தில் உங்கள் பாட்டில் கை வைப்பார். அப்போது நீங்கள் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்த வேகம் உடைந்துபோகும். உடையட்டும்.

பதிவு செய்யும்போது பட்டாலையில் உட்காராதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. உங்கள் இரண்டாவது பாட்டில் பாதி வரி எனக்கு விளங்கவில்லை. துணி அலமாரியும் மெத்தையும் இருக்கும் சின்ன அறையாகப் பார்த்து, போனை கிட்டாரின் துளைக்கு நேராக வைக்காமல் கழுத்து உடலோடு சேரும் பக்கம் வையுங்கள்.

கிட்டாரை விற்க வேண்டாம். எலெக்ட்ரிக் வாங்கினால் ஆம்ப்ளிஃபயரும் வாங்க வேண்டும், முகப்பில் உட்கார்ந்து பாடுவதற்கு இரண்டும் தேவையில்லை. உங்கள் பதிவைக் கேட்டால் கம்பிகள் துருப்பிடித்து மாதக்கணக்கு ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது, தடித்த கம்பி மூன்றின் ஒலியும் மங்கிவிட்டது. ஒரு செட் புதிதாக மாற்றுங்கள். வாசித்து முடித்தவுடன் வியர்வையைத் துணியால் துடைத்து வையுங்கள். அப்புறம் அந்த ஒரு பாட்டின் இரண்டாவது சரணம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள்.