இசை ஆசிரியர்கள் கூடும்போது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசை ஆசிரியர்கள் மாநாடு ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தியதைப் பற்றி அண்மையில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் பள்ளியில் இசை கற்பிப்பவன். எங்கள் சங்கம் நடத்தவிருக்கும் இரண்டு நாள் மாநாட்டின் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. புகழ்பெற்ற கலைஞர் ஒருவரை அழைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும் என்கிறார்கள் குழுவினர். கட்டுரை வாசிக்க விரும்புகிறவர்களின் பட்டியலோ நீண்டுகொண்டே போகிறது. நிகழ்ச்சி நிரலை எங்கிருந்து தொடங்குவது? நேரில் வர இயலாதவர்களை இணையவழியாகச் சேர்த்துக்கொள்வதால் பயன் உண்டா?

ஓர் இசை ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

நிகழ்ச்சி நிரலை ஒரு வகுப்பிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். மாணவர்கள், அவர்கள் அதுவரை கேட்டிராத ஒரு பாடல், அதைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், சுற்றி அமர்ந்து பார்க்கும் சக ஆசிரியர்கள் – இதற்கான நேரத்தையும் இடத்தையும் முதலில் குறித்துவிட்டு, எஞ்சிய அனைத்தையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளி இசை ஆசிரியர்களின் தேசிய அமைப்பு பிறந்ததே இப்படித்தான். அயோவா மாநிலத்தின் கியோகக் நகரப் பள்ளிகளில் இசைப் பொறுப்பு வகித்த பிலிப் ஹேடன், தாளம் கற்பிக்கத் தாம் கையாண்ட முறையை மாணவர்களுடன் நடத்திக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று பிற ஊர்களின் இசைக் கண்காணிப்பாளர்களை அழைத்தார். 1907ஆம் ஆண்டில் அவர்கள் கூடிய அந்தக் கூட்டத்திலிருந்துதான் அமைப்பு வளர்ந்தது.

புகழ்பெற்ற கலைஞர் வருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நமக்குக் காட்டுவது முடிவை. ஆசிரியருக்கு வேண்டியதோ வழி. நாங்கள் நடத்திய மாநாட்டில் நேரம் முடிந்த பிறகும் எவரும் எழுந்து போகாத அமர்வு, குரல் உடையும் பருவத்துச் சிறுவர்களுடன் ஓர் ஆசிரியை நடத்திய சேர்ந்திசை வகுப்பு. அந்தப் பருவத்தில் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்கும் வழியில், வசதியாகப் பாடக்கூடிய சுரங்களின் எல்லை சில மாதங்களுக்கு மிகவும் குறுகிவிடுகிறது. பல பள்ளிகளில் இந்தச் சிறுவர்களைப் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிடுவார்கள். அந்த ஆசிரியையோ ஒவ்வொருவரும் எந்தச் சுரங்களை எளிதாகத் தொடுகிறார்கள் என்று முதலில் கேட்டறிந்து, நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் ஒரு தனிப் பகுதியை அங்கேயே அமைத்துக் கொடுத்தார். ஒரு சிறுவனின் குரல் நடுவில் பிசிறியபோது அவர் நிறுத்தவில்லை. சுருதியை ஒரு படி இறக்கித் தொடர்ந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேராவது நாளைக்கே இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். எந்த உரையும் இதைச் சாதித்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இத்தகைய வகுப்புக்கு நிபந்தனைகள் உண்டு. பாடலை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கக் கூடாது. ஒத்திகை பார்த்த வகுப்பு கச்சேரியாகிவிடும். வகுப்பு அரை மணி என்றால் கேள்விகளுக்கும் அரை மணி ஒதுக்குங்கள், அதுவும் மாணவர்கள் சென்ற பிறகு. தம்மைப் பற்றிய விவாதத்தைக் கேட்டுக்கொண்டு குழந்தைகள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். பார்வையாளர்கள் கைபேசியில் படம் பிடிப்பதை அறிவித்துத் தடுக்க வேண்டும்.

அடுத்தது அறைகள். மற்ற மாநாடுகளில் அறையை இருக்கைகளின் எண்ணிக்கை கொண்டு தேர்வார்கள். இங்கே ஒலியைக் கொண்டு தேர வேண்டும். பேச்சு தெளிவாகக் கேட்க எதிர்முழக்கம், அதாவது ஒலி நின்ற பிறகும் அறையில் நீடிக்கும் முழக்கம், ஒரு வினாடிக்குள் அடங்க வேண்டும். சிம்பொனி இசைக்கென்று கட்டிய அரங்குகளில் அது இரண்டு வினாடியை ஒட்டி நீடிக்கும். ஆகவே பாடலை அழகாக ஒலிக்கச் செய்யும் அரங்கிலேயே உரை குழம்பிப்போவது இயல்பு. தாள வாத்தியங்களின் தாழ்ந்த அதிர்வுகள் சாதாரணத் தடுப்புச் சுவர்களை எளிதில் கடந்துவிடும் என்பதால், முழவுப் பயிலரங்குக்குப் பக்கத்து அறையை அந்த நேரத்தில் காலியாக விட்டுவிடுங்கள். சிறிய அறையில் பலர் சேர்ந்து முழவு கொட்டுவது காதுக்கே கேடாகலாம்: அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனத்தின் (NIOSH) பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது, 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். நாற்காலிகளை அகற்றக்கூடிய அறை ஒன்றாவது தேவை, ஏனென்றால் உடலசைவின் வழியே இசை கற்பிக்கும் டால்குரோஸ் முறையில் தாளத்தை நடந்தும் அசைந்தும்தான் கற்கிறார்கள். வரிசையாக அமர்ந்தபடி அதைப் பற்றிக் கேட்பதில் பொருளில்லை.

வாத்தியங்களில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். எளிய வாத்தியங்களைக் கொண்டு குழந்தைகளுக்கு இசை கற்பிக்கும் ஆர்ஃப் முறையில், கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோபோன்கள் பயன்படுகின்றன. அவற்றின் கட்டைகளைக் கழற்றி, வேண்டாத சுரங்களை நீக்கிவிடலாம். ஆனால் அந்த இடத்திலேயே அவற்றின் சுருதியை மாற்ற முடியாது. சுருதி சேர்க்க அடிப்படையாகக் கொள்ளும் மேலை இசையின் A சுரத்துக்குப் பன்னாட்டுத் தரம் 440 ஹெர்ட்ஸ் என்றாலும் 442க்குச் செய்யப்பட்டவையும் புழக்கத்தில் உள்ளன. வெவ்வேறு இடங்களிலிருந்து இரவல் வாங்குவதானால் இதை முதலில் விசாரித்துவிட்டு, பியானோவை அதற்கேற்பச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். அதையும் அரங்கில் இறக்கி, அங்குள்ள வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் அது பழகிய பிறகே செய்ய வேண்டும். அமர்வுகளுக்கிடையே அரை மணி இடைவெளி விடுவது வீண் அன்று. வாத்தியங்களை எடுத்துவைக்கும் அந்த நேரத்தில்தான் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள்.

கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்குத் தயங்காதீர்கள். பத்து நிமிடத்தில் அவசரமாக வாசிக்கப்படும் கட்டுரை எழுதியவருக்கும் கேட்பவருக்கும் நியாயம் செய்வதில்லை. 1953இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் உருவான பன்னாட்டு இசைக் கல்விச் சங்கம், தன் உலக மாநாட்டுக்கு முன்பாகத் துறைவாரியான சிறு கருத்தரங்குகளைத் தனியே நடத்திவிடுகிறது. நீங்களும் ஆய்வாளர்களை ஒரு நாள் முன்னதாகச் சிறு குழுவாகக் கூட்டலாம். அங்கே அவர்களுக்கு முழுமையான விவாதம் கிடைக்கும், பெரிய மேடையும் வகுப்புகளுக்காக விடுபடும்.

இணையவழிப் பங்கேற்பு பார்ப்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் மிகவும் பயன்படும். தொலைவாலோ குடும்பப் பொறுப்புகளாலோ வர இயலாதவர்களை விலக்கிவைக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர்களைச் சேர்ந்து பாடச் சொல்லாதீர்கள். காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகிறது. தாமதம் 30 மில்லி வினாடியை, அதாவது ஏறக்குறைய பத்து மீட்டர் இடைவெளிக்குச் சமமான அளவை, தாண்டினாலே சேர்ந்திசைப்பது கடினமாகத் தொடங்கும். வழக்கமான காணொளி அழைப்பில் அது அதைவிடப் பல மடங்கு. அவர்கள் தங்கள் மைக்கை அணைத்துவிட்டு, கேட்டபடி தனியே பாடட்டும். அரங்கிலிருந்து ஒலியை அனுப்பும் கணினியில் இரைச்சலை நீக்கும் வசதியையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். நீண்டு நிற்கும் சுரத்தை அது இரைச்சலாகக் கருதி வெட்டிவிடும். பதிப்புரிமை உள்ள பாடல்களின் சுரப்படிகளை இணையத்தில் பகிரும் முன் பதிப்பாளரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருத்துப் படிவத்தை நிறைவு விழாவில் கொடுக்காமல், ஆசிரியர்கள் திரும்பிச் சென்று சில வாரங்கள் வகுப்பெடுத்த பிறகு அனுப்புங்கள். இங்கே பார்த்தவற்றில் எதை வகுப்பில் செய்து பார்த்தீர்கள், மாணவர்கள் என்ன செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். அடுத்த மாநாட்டில் வகுப்பெடுக்க யாரை அழைப்பது என்பது அந்தப் பதில்களிலிருந்தே தெரிந்துவிடும்.

அன்புடன்